குப்பைக்குப் போகவேண்டிய தாள்: ஒரு சென்ட் மெஜந்தா, ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய தாள்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வருஷத்துப் பழசு?" என்பதுதான். பரணிலிருந்து நூறு வருஷத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துவந்து, இதற்கு லட்சக்கணக்கில் கிடைக்குமா என்று ஆவலோடு நீட்டுபவர்கள் உண்டு. கிடைக்காது. பத்திரத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. நிலம் கைமாறினால் மூலப்பத்திரமும் கூடவே போகும். பீரோவில் பூட்டி, துணியில் சுற்றி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவார்கள். அதனால் அந்த வயதுப் பத்திரங்கள் ஊருக்கு ஊர் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

ஒரு தாள் அரிதாவதற்கு அதன் வயது பெரிய காரணமாக இருப்பதில்லை. அதைக் கையில் வாங்கியவர் அடுத்த நிமிஷம் அதை என்ன செய்தார் என்பதுதான் பெரும்பாலும் காரணம். சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான நிகழ்வு, 1856-இல் தென் அமெரிக்காவில் அச்சான ஒரு தபால்தலை. பெயர், பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா. அளவு ஏறத்தாழ 29 மில்லிமீட்டருக்கு 26 மில்லிமீட்டர். மங்கிப்போன செந்நிறத் தாள், நான்கு மூலையும் வெட்டுப்பட்டது, நடுவில் முத்திரை விழுந்து படம் கறுத்துக் கிடக்கிறது. பார்த்தால் யாருக்கும் எடுத்து வைக்கத் தோன்றாது. 2014-இல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் இது 94 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது.

ஜார்ஜ்டவுனில் நடந்தது

பிரிட்டிஷ் கயானா கரும்புத் தோட்டங்களின் நாடு. 1845 முதல் சென்னைத் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் கயானாவில் நடக்கிற மாரியம்மன் வழிபாடு அவர்கள் கொண்டுபோனது. நான் சொல்லவரும் தாள் அச்சேறிய மாதத்தில் அந்தத் தோட்டங்களில் தமிழ்ப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, எங்கோ நடந்த கதை என்ற விலகல் எனக்குப் போய்விடுகிறது.

அந்தக் காலனிக்கான தபால்தலைகள் லண்டனில் வாட்டர்லோ நிறுவனத்தில் அச்சாகிக் கப்பலில் வரும். 1856 தொடக்கத்தில் புதுச் சரக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. கையிருப்பு தீர்ந்துபோகும் நிலை. போஸ்ட்மாஸ்டர் டால்டன், தலைநகர் ஜார்ஜ்டவுனில் அரசிதழை அச்சிட்டுவந்த ஜோசப் பாம், வில்லியம் டல்லாஸ் இருவரிடமும், லண்டன் சரக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் தலைகளை அடித்துத் தரச் சொன்னார்.

அவர்களிடம் இருந்தது செய்தித்தாள் அச்சகம். ஈய எழுத்துகளைக் கோத்து நான்கு பக்கமும் வரிகளாக அடுக்கினார்கள். நடுவில் ஒரு பாய்மரக் கப்பல் படம். கப்பல் வரவு விளம்பரங்களுக்கு மேலே போடுவதற்காகச் செய்தித்தாள் அச்சகங்களில் வைத்திருக்கும் சாதாரணப் படக்கட்டை. கப்பலின் மேலும் கீழும் காலனியின் லத்தீன் வாசகம்: கொடுக்கிறோம், பதிலுக்குக் கேட்கிறோம் என்று பொருள். கறுப்பு மை, மெஜந்தா நிறத் தாள். யார் வேண்டுமானாலும் இன்னொரு அச்சகத்தில் இதே மாதிரி அடித்துவிடலாம் என்ற பயம் இருந்ததால், ஒவ்வொரு தலையையும் விற்பதற்கு முன் தபால் அலுவலக எழுத்தர் தன் முதலெழுத்துகளைப் பேனாவால் எழுத வேண்டும் என்று உத்தரவு. நாம் பேசுகிற தலையில் உள்ள எழுத்துகள் இ.டி.டபிள்யூ, வைட் என்ற எழுத்தருடையவை. முத்திரை டெமரேரா (ஜார்ஜ்டவுன் இருக்கும் பகுதி), 1856 ஏப்ரல் 4.

இரண்டு மதிப்புகளில் அச்சிட்டார்கள். நான்கு சென்ட், ஒரு சென்ட். நான்கு சென்ட் தலைகளில் பல இன்றும் உலகம் முழுக்கச் சேகரிப்புகளில் இருக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் பணம் இருந்தால் கிடைக்கும். ஒரு சென்ட் தலை, தெரிந்தவரை ஒன்றே ஒன்று. ஒரே அச்சகம், ஒரே மாதங்கள், ஒரே கப்பல் படம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கடிதம் தங்கும், பட்டை கிழிபடும்

நான்கு சென்ட் கடிதத்துக்கான கட்டணம். ஒரு சென்ட் செய்தித்தாளுக்கான கட்டணம். இந்த நிகழ்வின் மையம் இந்த ஒரு வரிதான்.

கடிதம் வந்தால் என்ன செய்வோம்? படிப்போம், எடுத்து வைப்போம். நம் வீடுகளில் அடியில் வட்டக் கட்டை வைத்த கம்பி ஒன்று இருக்கும். வந்த கடிதம், மணியார்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் குத்தப்பட்டு ஏறிக்கொண்டே போகும். கம்பி நிறைந்தால் கட்டி டிரங்குப் பெட்டிக்குள் போடுவார்கள். கயானாவின் வியாபாரக் குடும்பங்களும் கடிதங்களைக் கோப்புகளாகக் கட்டி வைத்தார்கள். அதோடு அவற்றில் ஒட்டிய நான்கு சென்ட் தலைகளும் தப்பித்தன.

செய்தித்தாள் வந்தால்? சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் செய்தித்தாளைப் பிரிக்கவே முடியும். பட்டையில் முகவரி, ஒரு தலை, ஒரு முத்திரை. படிக்க ஒன்றுமில்லை, வைத்துக்கொள்ளக் காரணமில்லை. அன்றே அடுப்புக்கோ குப்பைக்கோ போகும். தலை செய்தித்தாளின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தாலும் இதே கதிதான். செய்தித்தாளுக்கு ஒரு நாள்தான் ஆயுள்.

ஆக, ஒரு சென்ட் தலை குறைவாக அச்சானதால் அழிந்தது என்று சொல்லவே தேவையில்லை. அது எந்த வேலைக்குப் போனதோ அந்த வேலையே அதை அழித்துவிட்டது. மதிப்புக் குறைந்த வேலைக்குப் போன தாள், அதனாலேயே மிஞ்சாமல் போனது. சேகரிப்பவர்கள் இந்த விதியை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறார்களோ அவ்வளவு நல்லது. கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரிகிறது.

பையன் எடுத்த முடிவு

1873. ஜார்ஜ்டவுனில் வாழ்ந்த லூயிஸ் வெர்னன் வாகன் என்ற 12 வயதுப் பையன், குடும்பத்தின் பழைய தாள்களுக்கு நடுவே இந்தத் தலையைக் கண்டுபிடித்தான். அப்போது தபால்தலை சேகரிப்பு உலகம் முழுக்கப் பையன்களிடையே பரவியிருந்த புதுப் பழக்கம். தன்னிடம் இருந்த பட்டியலில் இந்தத் தலை இல்லை என்பதை அவன் கவனித்தான். ஆனால் தலை அழுக்காக இருந்தது, மூலைகள் வெட்டப்பட்டிருந்தன. இதை விற்றுவிட்டு நல்ல நிலையில் உள்ள வேறு தலைகள் வாங்கலாம் என்று முடிவு செய்து, உள்ளூர்ச் சேகரிப்பாளர் மெக்கின்னனிடம் ஆறு ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டான்.

இந்த இடத்தைச் சொல்லும்போது பலரும் அந்தப் பையனை நினைத்து உச்சுக் கொட்டுவார்கள். நான் அவன் பக்கம். பட்டியலில் இல்லாததை இல்லை என்று கண்டுகொண்டதே பெரிய விஷயம். அதைத் தூக்கி எறியாமல் இன்னொரு சேகரிப்பாளர் கையில் சேர்த்தான். ஆறு ஷில்லிங் அன்றைக்குப் பள்ளிப் பையனுக்குச் சின்னப் பணமும் இல்லை. மெக்கின்னனும் அதை மற்ற தலைகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். இந்த இருவரில் ஒருவர் அலட்சியமாக இருந்திருந்தாலும் ஒரு சென்ட் மெஜந்தா என்று ஒன்று இருந்ததாகவே நமக்குத் தெரிந்திருக்காது.

வெட்டுப்பட்ட மூலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரித் தலைகளுக்குத் துளையிட்ட ஓரங்கள் இல்லை. கத்தரியால்தான் தலைகளை வெட்டி எடுத்தார்கள். மூலைகளை நறுக்கி எட்டுப் பக்கமாக்குவது பல நாடுகளில் இருந்த பழக்கம். 1854-இல் கல்கத்தாவில் அச்சான நம் நாலணாத் தலையிலும், படத்தின் எண்கோணச் சட்டத்தை ஒட்டியே வெட்டப்பட்ட பிரதிகள் ஏராளம். அவை முழுச் சதுரமாகக் கிடைப்பவற்றைவிட மிக மலிவு. நிலைமை முக்கியம் என்று சேகரிப்பாளர்கள் ஓயாமல் சொல்வது, பல பிரதிகள் இருக்கும் பொருளுக்குத்தான் பொருந்தும். ஒப்பிட இரண்டாவது பிரதியே இல்லாத பொருளுக்கு நிலைமை என்ற அளவுகோல் வேலை செய்வதில்லை.

கைமாறிய வழி

1878-இல் மெக்கின்னன் தன் சேகரிப்பு முழுவதையும் லிவர்பூல் வியாபாரி தாமஸ் ரிட்பாத்துக்கு 120 பவுனுக்கு விற்றார். ரிட்பாத் அந்த ஒரு தலையை மட்டும் பிரித்து, அதே ஆண்டில் ஏறத்தாழ 150 பவுனுக்கு ஃபிலிப் வான் ஃபெராரிக்கு விற்றார். சேகரிப்பு முழுவதற்கும் கொடுத்த பணம் ஒரே தலையில் திரும்பிவந்தது.

ஃபெராரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தாயார் கலியேரா கோமகள், பெரும் செல்வம். பாரிஸில் இன்று பிரான்ஸ் பிரதமரின் அலுவலகமாக இருக்கும் மத்தின்யோன் மாளிகையில்தான் அவர் தன் சேகரிப்பை வைத்திருந்தார். உலகில் அதுவரை வெளிவந்த தலைகள் எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டும் என்று வாழ்நாளைச் செலவிட்டவர். பேரம் பேசமாட்டார், கேட்ட விலையைக் கையில் கொடுத்துவிடுவார். அவரை நம்பியே போலித் தலைகள் செய்த ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் அவரைப் போன்ற ஒருவர் இல்லாமல் போயிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரிய தலைகள் பலவற்றுக்குத் தொடர்ச்சியான வரலாறே கிடைத்திருக்காது.

1917-இல் சுவிட்சர்லாந்தில் அவர் இறந்தபோது, சேகரிப்பைப் பெர்லின் தபால் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். சேகரிப்பு இருந்ததோ பாரிஸில், நடந்துகொண்டிருந்ததோ உலகப்போர். பிரெஞ்சு அரசு அதை எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிமுதல் செய்து, 1921 முதல் சில ஆண்டுகள் 14 ஏலங்களாகப் பிரித்து விற்றது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை இப்படிச் சிதறடித்தது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதிவைத்தார்.

1922 ஏலத்தில் ஒரு சென்ட் மெஜந்தாவை வாங்கியவர் ஆர்தர் ஹிண்ட். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் துணி ஆலை நடத்தியவர். வரியோடு சேர்த்து ஏறத்தாழ 36,000 டாலர். தபால்தலை சேகரிப்பதில் பேரார்வம் கொண்ட இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இதற்குப் போட்டியிட்டுத் தோற்றார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, இங்கிலாந்து அரச குடும்பத்தின் பெயர்பெற்ற தபால்தலைச் சேகரிப்பில் இந்தத் தலை இல்லை.

அப்புறம் வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஹிண்ட் 1933-இல் இறந்தார். தலை தனக்கே கொடுக்கப்பட்டது என்று மனைவி உரிமை கோரிப் பெற்றார். 1940-இல் நியூயார்க்கின் மேசிஸ் பல்பொருள் கடையின் தபால்தலைப் பிரிவு வழியாக ஃபிரெட் ஸ்மால் என்ற ஆஸ்திரேலியாவில் பிறந்த பொறியாளர் வாங்கி, முப்பது ஆண்டுகள் தன் பெயரே வெளியே தெரியாமல் வைத்திருந்தார். 1970-இல் பென்சில்வேனியாவின் இர்வின் வைன்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 2,80,000 டாலருக்கு எடுத்தார்கள். வைன்பெர்க் அதைப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தன் கையோடு விலங்கிட்டு, நாடு நாடாகக் காட்சிக்குக் கொண்டுபோனார். 1980-இல் 9,35,000 டாலருக்கு ஜான் டு பான்ட் வாங்கினார். ரசாயனத் தொழிலில் பெரும் பணம் ஈட்டிய குடும்பத்தின் வாரிசு. 1996-இல் மல்யுத்த வீரர் டேவ் ஷுல்ட்ஸைச் சுட்டுக் கொன்று சிறை சென்ற அவர், 2010-இல் சிறையிலேயே இறந்தார். அவ்வளவு காலமும் தலை வங்கிப் பெட்டகத்தில் இருட்டில் கிடந்தது.

பின்பக்கத்தில் இருப்பது

முன்பக்கத்தைவிட எனக்கு இந்தத் தலையின் பின்பக்கம்தான் பிடிக்கும். ஃபெராரியின் மூன்று இலைக் குறி, ஸ்மால் இட்ட வால்நட்சத்திரக் குறி, வைன்பெர்க்கின் முதலெழுத்துகள், டு பான்ட் பென்சிலில் எழுதிய முதலெழுத்துகள் என்று வரிசையாக இருக்கின்றன. 2014-இல் வாங்கிய காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன், குதிகால் உயர்ந்த ஒரு பெண்கள் காலணியைச் சின்னதாக வரைந்து தன் எழுத்துகளையும் சேர்த்தார்.

அருங்காட்சியகத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இதைப் பார்த்தால் பதறுவார்: பழம்பொருளில் எழுதலாமா? கூடாது, நாமும் எழுதக் கூடாது. ஆனால் இந்த ஒரு தலை விஷயத்தில் அந்தக் குறிகள் சாட்சிகளாகிவிட்டன. இன்ன தாள் இன்னாரிடம் இருந்தது என்று வாயால் சொல்வதற்கும், அவர் கைப்பட இட்ட அடையாளம் அந்தத் தாளிலேயே இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! தலையின் விலையில் கணிசமான பங்கு இந்த வரிசைக்குத்தான் என்பது என் கணிப்பு. பொருளின் கைமாறல் வரலாறு தெரிந்தால் அது சான்றுள்ள பொருள். தெரியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குபவர் நம்பிக்கையில்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது பிரதி என்ற கனவு

ஒன்றே ஒன்று என்பதாலேயே இரண்டாவது பற்றிய கதைகள் முளைத்தன. மிகப் புகழ்பெற்றது ஹிண்டைப் பற்றியது: யாரோ இரண்டாவது பிரதியோடு வந்தாராம், ஹிண்ட் பணம் கொடுத்து வாங்கி, அவர் கண் முன்னாலேயே சுருட்டு நெருப்பில் எரித்து, இனி ஒன்றுதான் என்றாராம். ஹிண்ட் இறந்த பிறகு வெளிவந்த கதை இது. நிரூபிக்க எந்தத் தடயமும் இல்லை. சேகரிப்பாளர்கள் மத்தியில் இது இன்னும் உலவுவதற்குக் காரணம், பொருளின் மீதான ஆசை எதுவரை போகும் என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும் என்பதாக இருக்கலாம்.

உண்மையான சவால் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரே கப்பல் படம், ஒரே தாள் நிறம் என்பதால், நான்கு சென்ட் தலையில் எண்ணைக் குறிக்கும் சொல்லைச் சுரண்டி மாற்றினால் ஒரு சென்ட் தலை ஆகிவிடுமே? இந்தச் சந்தேகம் அசலின் மீதே எழுந்தது. 1935-இல் லண்டன் ராயல் ஃபிலாட்டெலிக் சொசைட்டி என்ற தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் அதைப் பரிசோதித்து அசல் என்று தீர்ப்புச் சொன்னது. 1999-இல் ஜெர்மனியின் ப்ரெமனில் இரண்டாவது பிரதி என்று ஒன்று வெளிவந்தபோது அதையும் அதே சங்கம் பரிசோதித்தது. நான்கு சென்ட் தலையைத் திருத்திச் செய்தது என்பது முடிவு. 2014 ஏலத்துக்கு முன்பு அசலை மறுபடி ஒருமுறை பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

திருத்தல் எப்படிப் பிடிபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது எந்தத் தாள் சேகரிப்பவருக்கும் உதவும். தாளைச் சுரண்டினால் அங்கே நார் எழும்பும், பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்த்தால் மேற்பரப்பு கலைந்திருப்பது தெரியும். ஒளிக்கு எதிரே பிடித்தால் சுரண்டிய இடம் மெலிந்து வெளிச்சம் கூடுதலாக வரும். பின்னால் வரைந்த மை, அச்சு மையோடு கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் புற ஊதா, அகச்சிவப்பு ஒளியில் பிரிந்துவிடும். ஆய்வுக்கூடம் இல்லாவிட்டாலும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சாய்த்துப் பிடித்த டார்ச்சும் இருந்தால் பாதி ஏமாற்று வேலைகளை வீட்டு மேஜையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நம் ஊர்ச் சந்தையில் பழைய முத்திரைத்தாள்களில் தேதியைத் திருத்தி விற்கிறார்கள். அங்கேயும் இதே சோதனைதான்.

பணக்கணக்கு

இந்த நிகழ்வைச் சொல்லும் பலர், ஆறு ஷில்லிங்கில் தொடங்கிக் கோடிகளில் முடித்து, பழம்பொருள் வாங்கினால் பணம் பெருகும் என்று நம்பவைக்கிறார்கள். வரிசையாகப் பார்த்தால் அப்படி இல்லை.

1922-இலிருந்து 1940 வரை 18 ஆண்டுகளில் விலை 36,000 டாலரிலிருந்து 40,000 டாலர் அளவுக்குத்தான் போனது. ஏறவில்லை என்றே சொல்லலாம். 1970-இலிருந்து 1980 வரை பத்தே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம். அமெரிக்காவில் விலைவாசி தாறுமாறாக உயர்ந்த, பணத்தைப் பொருளாக மாற்றி வைக்க எல்லோரும் ஓடிய பத்து ஆண்டுகள் அவை. 1980-இலிருந்து 2014 வரை 34 ஆண்டுகளில் பத்து மடங்கு. பிரமாதமாகத் தெரிகிறது, ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம்தான் வருகிறது. இதில் காப்பீடு, பெட்டக வாடகை, ஏலக் கமிஷன் எல்லாம் கழிக்க வேண்டும். 2021-இல் வைட்ஸ்மன் அதே சதபீஸில் விற்றபோது கிடைத்த விலை 83 லட்சம் டாலர் அளவில். ஏழு ஆண்டுகளில் 12 சதவீதம் கீழே.

ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள பொருளுக்கு வாங்க வருபவர்களும் ஒரு நேரத்தில் உலகத்தில் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலரில் இருவர் ஒரே நாளில் ஒரே அறையில் பிடிவாதமாக உட்கார்ந்தால் விலை ஏறும். ஒருவர் மட்டும் வந்தால் அவர் சொன்னதுதான் விலை. வைட்ஸ்மனுக்கு நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் ஆல்பத்தில் காலியாக விட்டிருந்த இடத்துக்குரிய தலையைப் பெரியவனானபின் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வாங்கியதை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் தபால் அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்து மக்கள் பார்க்க வைத்தார். இருட்டுப் பெட்டகத்துக்குப் பிறகு அந்தத் தலைக்குக் கிடைத்த நல்ல காலம் அது.

2021-இல் வாங்கியது லண்டனின் பழைய தபால்தலை நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸ். அவர்கள் அதைப் பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்றார்கள். பங்கு வாங்கியவர் தலையின் சிறு பங்குக்கு உரிமையாளர் ஆனார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சேகரிப்பவர் பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அதன் குறைகளோடு பழக வேண்டும். பங்குச் சான்றிதழில் அது நடக்காது.

நம் வீட்டுப் பட்டைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழில் வாரப் பத்திரிகையும் மாதப் பத்திரிகையும் சந்தா கட்டி வாங்கிய வீடுகள் எத்தனை ஆயிரம்! அந்தப் பத்திரிகைகள் தபாலில் வந்தது, ஜார்ஜ்டவுன் செய்தித்தாளைப் போலவே, ஒரு காகிதப் பட்டை சுற்றித்தான். பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு அஞ்சல் துறை சலுகைக் கட்டணம் கொடுத்தது. காலணாத் தலை ஒட்டிய காலமும் உண்டு. பத்திரிகையை பைண்டு செய்து வைத்த வீடுகள் இருக்கின்றன. தொடர்கதையை மட்டும் கிழித்துத் தைத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். பட்டையை வைத்தவர்கள் யார்?

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஒரு பஞ்சாங்கத்துக்குள், யாரோ பக்க அடையாளத்துக்காகச் செருகி வைத்திருந்த பட்டை. நான்கு விரல் அகலம். பசை காய்ந்து ஓரத்தில் தேன் நிறத்தில் கெட்டியாகியிருக்கிறது. கிழித்த இடத்தில் தாளின் நார் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. சந்தா எண் ஒரு மையில், பெயரும் முகவரியும் இன்னொரு மையில். முத்திரையின் பாதி வட்டம் தலையின் மேலும் மீதிப் பாதி தாளின் மேலும் விழுந்திருக்கிறது. ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்துதான் படிக்க முடிகிறது. ஒரு பத்திரிகை எந்த ஊர்வரை, எந்தத் தெருவரை போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன இருக்கிறது? பத்திரிகையின் பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைக்கும். அதைப் படித்தவர்கள் யார் என்பது பட்டையில்தான் இருக்கிறது.

பட்டையைப் போலவே, கையில் வாங்கியதும் எறியப்படும் தாள்களைத்தான் இப்போது தேடுகிறேன். ஊர்த் திருவிழா நாடக நோட்டீஸ், டென்ட் கொட்டகை டிக்கெட், பலசரக்குக் கடையின் அச்சடித்த பொட்டலத் தாள், சோடா பாட்டில் லேபிள், தேர்தல் நாளில் வாக்காளர் எண் எழுதி வீடு வீடாகக் கொடுத்த சீட்டு. ஒவ்வொன்றையும் அந்தக் காலத்தில் அச்சகங்கள் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளின. இன்று தேடினால் பத்திரங்கள் நூறு கிடைக்கும் இடத்தில் இவற்றில் ஒன்று கிடைப்பது கஷ்டம். 1985-இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளோடு இந்த மாதிரித் துண்டுத்தாள்களும் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கிடைத்தால் செய்யக் கூடாதவை சில. தலையை நனைத்துப் பிரிக்கக் கூடாது. பட்டையோடு, உறையோடு இருக்கும் தலைதான் தன் கதையைச் சொல்லும். ஒரு சென்ட் மெஜந்தா ஒட்டப்பட்டிருந்த தாள் கூடவே கிடைத்திருந்தால், யாருக்குப் போனது, எந்தச் செய்தித்தாள் என்றெல்லாம் தெரிந்திருக்கும். லேமினேஷன் கூடவே கூடாது. சூடு பட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் எண்ணெய்க் கறையை இறக்கிவிடும். அமிலமில்லாத தாள் உறை, அதற்கு மேல் பாலியெஸ்டர் உறை, காற்றோட்டமான அலமாரி இருந்தால் போதும். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் ஒருநாள் விரித்து வைப்பேன்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை, எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, எதற்குள் இருந்தது, கூட என்னென்ன இருந்தன என்பவை. பழைய பேப்பர் கடைக்காரர்களுக்கு அன்றைக்கு இது ஞாபகம் இருக்கும், அடுத்த வாரம் மறந்துவிடும். பொருளின் மீது எழுதாமல் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி, அதே உறைக்குள், ஆனால் பொருளைத் தொடாதபடி இன்னொரு தாள் மடிப்பில் வைக்கிறேன். அந்தப் பஞ்சாங்கத்தையும் நான் பிரித்து விற்கவில்லை. பட்டை எந்தப் பக்கத்தில் செருகியிருந்ததோ அந்தப் பக்க எண்ணைச் சீட்டில் குறித்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரின் அந்த மூன்று எழுத்தை வைத்து அந்தக் காலத் தபால் நிலையப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பொருந்தக்கூடிய ஊர்கள் ஒன்றுக்கு மேல் வந்திருக்கின்றன. சந்தா எண்ணை வைத்து அவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை.